கோணாகமன புத்தர் வெறும் புராணமா?

அன்புள்ள சார்,
கௌதம புத்தருக்கு முன்னாடி வந்ததா சொல்ற முந்தின புத்தர்கள் பத்தி நீங்க எழுதினதைப் படிச்சேன். மனுஷங்களுக்கு 30,000 வருஷ ஆயுசு இருந்த காலத்துல கோணாகமன புத்தர் பிறந்தாராம். இது ரொம்ப பின்னாடி சேர்த்த புராணம்தானே? சாக்கியமுனி, அதாவது அந்த கௌதமர் ஒருத்தர்தான் நிஜம், மத்தவங்கள எதுக்கு சீரியஸா எடுத்துக்கணும்?
– ஒரு வாசகர்

வணக்கம்.

அந்த 30,000 வருஷத்தை நானும் நம்பல, அதை விட்ருவோம். ஆனா பின்னாடின்னா எவ்வளவு பின்னாடி? நேபாளத்துல லும்பினிக்கு வடமேற்க நிகாலி சாகர்னு ஒரு குளம், அதோட கரையில அசோகர் தூண் ஒண்ணு ரெண்டு துண்டா உடைஞ்சு கிடக்கு. பட்டம் கட்டி 14 வருஷம் ஆனப்ப ராஜா கோணாகமன புத்தரோட ஸ்தூபியைப் பெருசாக்கினாரு, அப்புறம் நேர்ல வந்தும் கும்பிட்டாருன்னு அதுல பிராமி எழுத்துல வெட்டியிருக்கு. பெருசாக்கினாருன்னா ஏற்கெனவே அங்க ஒரு ஸ்தூபி இருந்திருக்கணும்ல, அப்போ கி.மு. 3ஆம் நூற்றாண்டுலயே அது பழைய சங்கதி. இதை வெச்சு கோணாகமனர் வாழ்ந்தாருன்னு நான் சொல்ல வரல, கும்பிட்ட ஆளுங்க நிஜம்.

மகாபதான சுத்தம்னு பாலி மொழியில ஒரு பௌத்த உபதேச நூல், அதுல அவர் கதை கொஞ்சம்தான் இருக்கு. பிராமணக் குடும்பம், அப்பா யஞ்ஞதத்தர், அம்மா உத்தரா, ஊர் சோபவதி, ஞானம் கிடைச்சது அத்தி மரத்தடியில. அதுல வர்ற, சாக்கியமுனியையும் சேர்த்து ஏழு புத்தருக்கும் ஒரே டெம்ப்ளேட்தான், பேரும் ஊரும் மரமும் மாறும், உண்மைய சொன்னா படிக்க போர். ஆனா அந்த மரத்தை சும்மா நினைக்காதீங்க, மத்தியப் பிரதேசத்துல இருந்த பழைய பார்ஹுத் ஸ்தூபியோட கல் வேலியில புத்தர மனுஷ உருவமா செதுக்கவே இல்ல, மரத்தை செதுக்கி இது இன்னாரோட போதி (ஞானம் கிடைச்ச மரம்)னு பேர் எழுதி வெச்சிருக்காங்க, அதுல கோணாகமனரும் உண்டு.

சரி, இவ்வளவு பேர் எதுக்கு? நகர சுத்தம்னு இன்னொரு உபதேசத்துல சாக்கியமுனி, நான் புதுசா எதையும் உண்டாக்கல, முன்னாடி புத்தர்கள் நடந்த பழைய பாதைய காட்டுக்குள்ள திரும்பக் கண்டேன்னு சொல்றாரு. ஒரு ஆள் சொன்னான்னா அது அவன் கருத்து, வழிவழியா வந்துச்சுன்னா அதுக்கு வேற மரியாதை, அந்தக் காலத்து ஆளுங்களுக்கு இது நல்லாவே தெரியும். ஜைனர்களுக்கு 24 தீர்த்தங்கரர், புத்தர்களோட வரலாறு சொல்ற புத்தவம்சம்ங்கற நூல்லயும் கௌதமருக்கு முன்னாடி கரெக்டா 24 புத்தர், இது தற்செயல்னு எனக்குத் தோணல.

இன்னொண்ணு, சாக்கியமுனி மட்டும்தான்னு நீங்க சொல்றீங்க. 5ஆம் நூற்றாண்டுல சிராவஸ்தி பக்கம் வந்த சீனப் பயணி பாஹியான், புத்தரை எதிர்த்துப் பிரிஞ்சு போன சீடன் தேவதத்தன் வழி வந்தவங்க இன்னும் இருக்காங்கன்னு எழுதியிருக்காரு. அவங்க முந்தின மூணு புத்தர்களுக்குத்தான் பூஜை பண்ணாங்களாம், சாக்கியமுனிக்கு கிடையாது!