சர்வர்களை மெய்நிகராக்கினால் நிறுவனத்தின் ஐடி செலவு உண்மையிலேயே குறையுமா?

உங்கள் அலுவலகத்தில் ஏழு சர்வர்கள் ஓடுவதாகவும், அவற்றை மெய்நிகராக்கி, அதாவது மென்பொருளால் ஒரே பெட்டியைப் பல சர்வர்கள் போல இயங்கவைத்து, இரண்டு பெட்டிகளுக்குள் அடக்கிவிட்டால் ஐடி செலவு பாதியாகும் என்று விற்பனையாளர் ஒருவர் சொல்வதாகவும், அதை நம்பிப் பணம் போடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். பணம் போடலாம், பாதி என்ற கணக்கை மட்டும் நம்ப வேண்டாம். கோயம்புத்தூரில் பம்ப் தயாரிக்கும் நடுத்தர நிறுவனம் ஒன்றின் சர்வர் அறையைப் பல ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். 2021 இல் எங்கள் எட்டு சர்வர்களை இரண்டாக்கினோம். பணத்தில் மிஞ்சியது நாங்கள் எதிர்பார்த்ததைவிடக் குறைவு. வேலையில் மிஞ்சியது எதிர்பார்த்ததைவிட மிக அதிகம்.

எட்டு சர்வர்கள் எப்படிச் சேர்ந்தன என்று யோசித்தால் சிரிப்புதான் வரும். ஈஆர்பி, அதாவது கொள்முதல் முதல் பில் வரை நிறுவனத்தின் வேலைகளைக் கவனிக்கும் மென்பொருளை விற்றவர் தனி மெஷின் கொடுத்தால்தான் பொறுப்பேற்பேன் என்றார். வருகைப்பதிவு மென்பொருள் கொடுத்தவரும் அதையே சொன்னார். கணக்குப் பிரிவு தன் கோப்புகள் வேறு யாருடைய மெஷினிலும் இருக்கக்கூடாது என்றது. ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஒரு பெட்டி வந்தது. அவற்றில் பெரும்பாலானவற்றின் பிராசஸர் நாள் முழுவதும் பத்து சதவீதத்தைத் தாண்டியதில்லை. ஹைப்பர்வைசர் என்ற மென்பொருள் அடுக்கு ஒரே வன்பொருளைப் பல இயந்திரங்களாகக் காட்டுவதால், ஒவ்வொரு மென்பொருளுக்கும் தனி மெஷின் என்ற நிபந்தனையும் நிறைவேறும், பெட்டிகளும் பெருகாது. இது புதிய உத்தி அன்று. ஐபிஎம் தன் மெயின்ஃபிரேம் எனும் பெருங்கணினிகளுக்கு 1972 இலேயே இதை விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டது. நம் அலுவலகங்களில் உள்ள சாதாரண சர்வர்களில் இது சீராக ஓடத் தொடங்கியதுதான் பிந்தி வந்தது. 2005 இல் இன்டெலும் அடுத்த ஆண்டு ஏஎம்டியும் பிராசஸருக்குள்ளேயே அதற்கான வசதியைச் சேர்த்தன.

மின்சாரத்தில் கிடைக்கும் மிச்சம் உண்மையானது, அதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். 250 வாட் இழுக்கும் ஒரு சர்வர் ஆண்டு முழுவதும் ஓடினால் 2,190 யூனிட்; எட்டுக்கு 17,520. அவற்றின் இடத்தில் 400 வாட் இழுக்கும் இரண்டு புதிய சர்வர்கள் வந்தால் 7,008. வித்தியாசத்தை உங்கள் மின்கட்டண விகிதத்தால் பெருக்கிப் பாருங்கள். அந்த வெப்பத்தை வெளியேற்ற ஏசிக்கு ஆகும் மின்சாரமும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றும் யுபிஎஸ் பேட்டரிகளின் எண்ணிக்கையும் இதற்கு மேல் குறையும். பழைய பெட்டிகளுக்கு ஆண்டுதோறும் கட்டிவந்த ஏஎம்சி என்ற பராமரிப்பு ஒப்பந்தத் தொகையும் நின்றது.

அந்த மிச்சத்தைத் தின்பது உரிமக் கட்டணம். விற்பனையாளர்கள் மேலோட்டமாகத் தாண்டிச் செல்லும் இடமும் இதுதான் என்பதால் சற்று நின்று சொல்கிறேன். விண்டோஸ் சர்வர் ஸ்டாண்டர்டு உரிமத்தை சர்வர் பெட்டியில் உள்ள எல்லாக் கோர்களுக்கும் (பிராசஸருக்குள் உள்ள தனித்தனிக் கணிப்புப் பகுதிகள்), குறைந்தது 16 கோர்களுக்கு, வாங்க வேண்டும். அப்படி ஒருமுறை வாங்கினால் அதில் இரண்டு மெய்நிகர் விண்டோஸ் இயந்திரங்களை ஓட்டலாம். நான்கு ஓட்ட வேண்டுமானால் அதே கோர்களுக்கு இன்னொரு முறை வாங்க வேண்டும். ஒரு சர்வர் படுத்துவிட்டால் நான்கும் மற்றதில் ஓட வேண்டும் என்று திட்டமிட்டால், அந்த மற்றதற்கும் நான்குக்குரிய உரிமம் முன்கூட்டியே இருக்க வேண்டும். ஆக நான்கு இயந்திரங்களுக்கு நான்கு செட் உரிமம். எங்களுக்கு வந்த முதல் விலைப்பட்டியலில் இது இரண்டு செட் என்று இருந்தது. நாங்கள் கேட்ட பிறகே திருத்தினார்கள். கோப்பு சர்வரை லினக்ஸில் ஓடும் சம்பா என்ற கோப்புப் பகிர்வு மென்பொருளுக்கு மாற்றி, விண்டோஸ் இயந்திரங்களில் ஒன்றைக் குறைத்தோம். நீங்கள் ஆரக்கிள் டேட்டாபேஸ் வைத்திருந்தால் இன்னும் கவனம் தேவை. விஎம்வேர் போன்ற ஹைப்பர்வைசர்களில் மெய்நிகர் இயந்திரத்துக்கு இரண்டே கோர் ஒதுக்கினாலும், அடியில் உள்ள வன்பொருளின் கோர்கள் அனைத்தையும் எண்ணுவது அந்நிறுவனத்தின் நிலைப்பாடு.

நிர்வாகம் எளிதாவது பற்றிக் கேட்டீர்கள். எங்கள் வருகைப்பதிவு மென்பொருள் விண்டோஸ் 2003 இல் ஓடியது. அதை எழுதிக் கொடுத்தவர் தொழிலையே விட்டுவிட்டார், நிறுவும் சிடியும் இல்லை. அந்தப் பெட்டியின் விசிறி சத்தம் மாறினாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். அதன் ஹார்ட் டிஸ்கை அப்படியே நகலெடுத்து மெய்நிகர் இயந்திரமாக்கியபோது, முதல் முயற்சியில் 7பி என்று முடியும் பிழை எண்ணுடன் நீலத்திரை வந்து நின்றது. மெய்நிகர் இயந்திரத்தில் டிஸ்கைக் கையாளும் புதிய கன்ட்ரோலருக்கான டிரைவர் மென்பொருள் அந்தப் பழைய விண்டோஸிடம் இல்லை என்பதுதான் அதன் பொருள். மறுபடி பழைய பெட்டியை இயக்கி, அதிலேயே ஐடிஈ என்ற பழைய வகை டிஸ்க் இணைப்புக்கான டிரைவரைப் பதிவு செய்துவிட்டு, இரண்டாவது முறை நகலெடுத்ததும் ஏறியது. வெளி இணையம் எட்டாத தனி நெட்வொர்க்கில் அதை அடைத்து வைத்திருக்கிறோம். இன்று அது ஒரு கோப்பு. தினமும் இரவு அதன் நகல் வேறு இடத்துக்குப் போகிறது.

முன்பு ஒருமுறை ஈஆர்பி சர்வரின் மதர்போர்டு போய், உதிரிபாகம் வரும் வரை மூன்று நாள் ஸ்டோர்ஸில் கையால் பில் எழுதினார்கள். மெய்நிகராக்கிய பிறகு ஒரு சர்வரில் மெமரி பழுது காட்டியபோது, பகல் பதினோரு மணிக்கு, ஆட்கள் என்ட்ரி போட்டுக்கொண்டிருக்கும்போதே, அதிலிருந்த அனைத்தையும் அடுத்த சர்வருக்கு நகர்த்தினேன். இணைப்பைச் சோதிக்க அனுப்பிக்கொண்டிருந்த பிங்குகளில் ஒன்றே ஒன்று தவறியது. யாரும் எனக்குப் போன் செய்யவில்லை. பழுதான மெமரியை மாலையில் நிதானமாக மாற்றினோம்.

எளிது என்பதற்காக அசந்துவிடக்கூடாது. ஈஆர்பி புதுப்பிப்புக்கு முன் நானே எடுத்த ஒரு ஸ்நாப்ஷாட்டை (இயந்திரத்தை அந்த நேரத்து நிலைக்குத் திருப்ப உதவும் பதிவு) அழிக்க மறந்துவிட்டேன். ஸ்நாப்ஷாட் இருக்கும் வரை பழைய தரவுத் துண்டுகள் விடுவிக்கப்படாமல் இடத்தைப் பிடித்துக்கொண்டே இருக்கும். மூன்று மாதம் கழித்து, சம்பளம் போட வேண்டிய ஒரு சனிக்கிழமை, டிஸ்க் நிரம்பி ஒவ்வொரு இயந்திரமாக நின்றது. திரையில் அவற்றின் பெயர்களுக்கு அருகே மஞ்சள் முக்கோணங்கள். ஸ்நாப்ஷாட்டை அழித்ததும் இடம் கிடைத்து எல்லாம் எழுந்தன என்றாலும், அந்த ஒன்றரை மணி நேரம் மனிதவள மேலாளர் என் பின்னால் நின்றுகொண்டே இருந்தார். ஸ்நாப்ஷாட்டை பேக்கப் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது இருப்பதும் அதே டிஸ்கில்தான். டிஸ்க் போனால் இரண்டும் போகும். பேக்கப்புக்கு ஒரு தனி மெஷின், வேறு கட்டடத்தில், வேறு பாஸ்வேர்டுடன் இருக்கட்டும்.

இரண்டு சர்வர்கள் மட்டும் கொண்ட கிளஸ்டரில், அதாவது ஒன்றாக இணைந்து இயங்கும் தொகுப்பில், இன்னொரு சிக்கல் உண்டு. நாங்கள் பயன்படுத்தும், லினக்ஸில் இயங்கும் புராக்ஸ்மாக்ஸ் என்ற ஹைப்பர்வைசரில் ஒவ்வொரு சர்வருக்கும் ஒரு வாக்கு; ஒன்று நின்றால் மற்றதற்குப் பெரும்பான்மை வாக்கு இல்லாமல் போய், அது எந்த இயந்திரத்தையும் புதிதாக இயக்க மறுக்கும். மூன்றாவது வாக்குக்கென ராஸ்பெரி பை என்ற கையடக்கக் கணினி ஒன்றை ரேக்கின் மூலையில் வைத்திருக்கிறோம். இரண்டு சர்வர்களும் பொதுவாகப் பயன்படுத்தும் ஸ்டோரேஜ் வாங்கப் பணம் இல்லாததால் ஒன்றிலிருந்து மற்றதற்கு 15 நிமிடத்துக்கு ஒருமுறை தரவு நகலாகிறது. ஆகவே ஒரு சர்வர் திடீரெனச் செத்தால் கடைசி 15 நிமிட என்ட்ரியை மீண்டும் போட வேண்டியிருக்கலாம் என்று கணக்குப் பிரிவிடம் எழுத்தில் சொல்லிவிட்டோம். யுஎஸ்பி டாங்கிள் (உரிமத்துக்கு அடையாளமாகக் கணினியில் செருகும் சிறு கருவி) கேட்கும் வடிவமைப்பு மென்பொருள் ஒன்றை மட்டும் தனிப் பெட்டியிலேயே விட்டுவிட்டோம். அந்த டாங்கிள் ஒரு சர்வரில் குத்தியிருக்கும்வரை, அதை நம்பும் மெய்நிகர் இயந்திரத்தால் அடுத்ததற்கு நகர முடியாது.

எந்தத் தளம் என்பதில் என் சாய்வு தெரிந்திருக்கும். விஎம்வேரை பிராட்காம் 2023 நவம்பரில் வாங்கியது. அடுத்த மாதமே நிரந்தர உரிம விற்பனை நிறுத்தப்பட்டு, கோர் எண்ணிக்கைப்படி சந்தா முறை வந்தது. பெரிய நிறுவனங்களுக்கு அதன் வசதிகள் தேவைப்படலாம். ஏழு சர்வர் உள்ள இடத்துக்கு மைக்ரோசாஃப்டின் ஹைப்பர்-வி அல்லது புராக்ஸ்மாக்ஸ் போதும். உங்கள் ஆட்களுக்கு லினக்ஸ் பழக்கம் இல்லையென்றால் ஹைப்பர்-வி பக்கம் போங்கள். நள்ளிரவில் அதைச் சரிசெய்யப் போவது அவர்கள்தான்.

விலைப்பட்டியல் கேட்கும் முன் ஏழு சர்வர்களின் பிராசஸர், மெமரி, டிஸ்க் பயன்பாட்டை ஒரு முழு மாதம் பதிவு செய்யுங்கள்; மாத இறுதியும், ஜிஎஸ்டி தாக்கலுக்குரிய 11, 20 தேதிகளும் அதற்குள் வர வேண்டும். பிராசஸரை இருப்பதற்கு மேலும் இயந்திரங்களுக்கு ஒதுக்கலாம், மெமரியை அப்படி ஒதுக்குவதை நம்ப வேண்டாம். எனவே ஏழின் மெமரித் தேவையையும் கூட்டி, அந்த மொத்தத்தை ஒரே சர்வர் தாங்கும்படி இரண்டையும் வாங்குங்கள். பட்டியலில் வன்பொருள், விண்டோஸ் உரிமம், ஹைப்பர்வைசர் சந்தா, பேக்கப் மெஷின் ஆகியவை தனித்தனி வரிகளாகவும், ஐந்து ஆண்டுகளுக்கான தொகையாகவும் இருக்க வேண்டும் என்று கேளுங்கள். பேக்கப் வரியே இல்லாமல் பட்டியல் வந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.