கொரோனாவின்போது பள்ளிகளை மறுபடி திறந்ததில் ஆசிரியர்களுக்கும் ஊழியர்களுக்கும் அவ்வளவு கோபம் ஏன்?

கேள்விக்குக் கீழே, "வீட்டிலிருந்தே சம்பளம் வாங்கிப் பழகிவிட்டதுதான் காரணமா?" என்றும் கேட்டிருக்கிறீர்கள். முதலில் அதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை. நான் பள்ளி ஆசிரியர். அந்தக் காலம் முழுக்க எங்கள் பள்ளியின் கால அட்டவணை போடும் வேலையும் என்னிடம்தான் இருந்தது. அதனால் மேலிருந்து வந்த ஒவ்வொரு உத்தரவும் வகுப்பறைக்குள் போகும்போது என்ன ஆனது என்பதை மிக அருகில் பார்த்தேன்.

பள்ளி திறக்க வேண்டும் என்று எங்களைவிட அதிகமாக யாரும் ஏங்கியிருக்க மாட்டார்கள். ஆன்லைன் வகுப்பு என்றால் திரையில் வெறும் பெயர்கள். கேள்வி கேட்டால் மௌனம். ஒரே போனை அண்ணன் தங்கை மூவர் பங்குபோட்ட வீடுகள் இருந்தன. சில பிள்ளைகள் முதல் மாதத்துக்குப் பிறகு எட்டிப்பார்க்கவே இல்லை. விசாரித்தால் ஒருவன் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான். 2020இல் உலகம் முழுக்க சுமார் 160 கோடி மாணவர்களின் படிப்பு தடைபட்டது என்று யுனெஸ்கோ கணக்கிட்டது. உகாண்டாவில் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் 2022 ஜனவரியில்தான் முழுமையாகத் திறந்தன. அப்படி ஒரு நிலை எந்தப் பிள்ளைக்கும் வரக் கூடாது என்று நினைக்காத ஆசிரியர் யாரையும் நான் சந்தித்ததில்லை. எங்கள் கோபம் திறந்ததில் இல்லை, திறந்த விதத்தில் இருந்தது.

எங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பள்ளி எப்போது திறக்கிறது என்பதை மாணவர்களும் நாங்களும் ஒரே நேரத்தில் டிவி செய்தியில்தான் தெரிந்துகொண்டோம். சுற்றறிக்கை அதற்கு அப்புறம் வரும். அதைப் படித்து முடிப்பதற்குள் திருத்தம் வரும். எங்கள் பள்ளியில் மட்டும்தான் இப்படியோ என்று நினைத்திருந்தேன். இங்கிலாந்தில் நடந்ததைப் படித்தபோது அந்த எண்ணம் போய்விட்டது. 2021 ஜனவரி 3 அன்று, பள்ளிகள் பாதுகாப்பானவை, பிள்ளைகளை அனுப்புங்கள் என்று பிரதமர் போரிஸ் ஜான்சன் தொலைக்காட்சியில் சொன்னார். மறுநாள் பல தொடக்கப் பள்ளிகள் திறந்தன. அன்று இரவே நாடு தழுவிய பொதுமுடக்கம் அறிவித்து, பெரும்பாலான மாணவர்களுக்குப் பள்ளிகளை மூடச் சொன்னார். அந்த ஒரு நாளுக்காக எத்தனை ஆசிரியர்கள் விடுமுறையைத் தொலைத்து வகுப்பறையை ஒழுங்குபடுத்தியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். பிரான்சில் 2022 ஜனவரியில் புதிய விதிகள், விடுமுறை முடிந்து பள்ளி திறப்பதற்கு முந்தைய நாள், சந்தா கட்டியவர்கள் மட்டுமே படிக்கக்கூடிய ஒரு செய்தித்தாள் பேட்டியில் வெளிவந்தன. அந்த விதிகளும் அடுத்த சில நாட்களிலேயே மறுபடி மறுபடி மாறின. ஜனவரி 13 அன்று அங்கே ஆசிரியர்கள் பெரிய அளவில் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதைச் செய்தியில் பார்த்தவர்களுக்குப் பிடிவாதமாகத் தெரிந்திருக்கலாம். எனக்கு அதன் ஒவ்வொரு வரியும் புரிந்தது.

இப்போது கால அட்டவணைக்கு வருகிறேன். வெளியில் இருப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் தெரியவே தெரியாது.

"பாதி மாணவர்களோடு சுழற்சி முறையில் திறக்கலாம்" என்பது உத்தரவில் ஒரு வரி. நாற்பது பேர் வகுப்பை இருபது இருபதாகப் பிரித்து ஒரே நாளில் வரவைத்தால் அறையும் இரண்டு வேண்டும், ஆசிரியரும் இரண்டு பேர் வேண்டும். இரண்டுமே இல்லை. நாள் விட்டு நாள் வரவைத்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் கிடைக்கும் பாடநாட்கள் பாதி. சரி, அதையாவது செய்யலாம் என்றால், அனுப்ப விரும்பாத பெற்றோரின் பிள்ளைகளுக்கு ஆன்லைன் வகுப்பு தொடர வேண்டும் என்று அதே உத்தரவில் இன்னொரு வரி இருந்தது. ஆக, ஒரே பாடத்தை மூன்று தடவை நடத்த வேண்டும். ஒரு நாளில் இருக்கும் பாடவேளைகள் என்னவோ அதேதான். பரீட்சையும் தேதி மாறாமல் நிற்கிறது.

அந்த மூன்றையும் சேர்த்துச் செய்துவிடலாம் என்று யாரோ ஒரு யோசனை சொன்னார்கள். வகுப்பறையில் போனை நிறுத்திவைத்து, எதிரே இருப்பவர்களுக்கும் வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரே நேரத்தில் நடத்துவது. முகக்கவசத்துக்குள்ளிருந்து பேசும் குரல் போனுக்கும் போகாது, கடைசி பென்ச்சுக்கும் போகாது. இணைப்பு அறுந்தால் எதிரே இருக்கும் பிள்ளைகள் காத்திருப்பார்கள். எதிரே ஒருவன் சந்தேகம் கேட்டால் திரையில் இருப்பவர்களுக்கு அது காதில் விழாது. மாலையில் இரண்டு தரப்புக்கும் பாதிப் பாடம்தான் போயிருக்கும். தொண்டை கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போன சக ஆசிரியைகளைப் பார்த்துப் பலமுறை மனம் வெந்திருக்கிறேன்.

"ஒரு குழுவில் இருப்பவர்கள் இன்னொரு குழுவோடு கலக்கக் கூடாது" என்பது அடுத்த விதி. மாணவர்களைப் பிரித்து உட்காரவைத்துவிடலாம். கணக்கு ஆசிரியர் ஒருவர் ஒரே நாளில் எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்பு, பத்தாம் வகுப்பு என்று போகிறாரே, அவரை எப்படிப் பிரிப்பது? அவருக்குக் காய்ச்சல் வந்துவிட்டால் அவர் போன வகுப்புகள் எல்லாவற்றையும் கண்காணிப்பில் வைக்க வேண்டும். மாற்று ஆசிரியரை அனுப்பினால் குழு கலக்கிறது. இரண்டு வகுப்புகளை ஒன்றாக உட்காரவைத்தாலும் கலக்கிறது. காலையில் எழுந்ததும் போனில் செய்தி வந்து கிடக்கும்: "சார், லேசாகத் தொண்டை வலிக்கிறது, வரலாமா வேண்டாமா?" வா என்று சொல்லவும் பயம், வராதே என்று சொல்லவும் வழியில்லை. நான் மருத்துவன் இல்லை. ஆனால் அந்த முடிவு என்னிடம் வந்து நின்றது. அதற்கு மேலே இருந்த எவரும் அதை ஏற்றுக்கொள்ளத் தயாராக இல்லை. பொறுப்பு முழுக்கக் கீழே, அதிகாரம் முழுக்க மேலே. கோபத்தின் வேர் இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

சின்ன வகுப்புகளில் வேறொரு சிரமம். எழுத்தை உச்சரிக்கக் கற்றுக்கொடுப்பவர் வாயைக் காட்டித்தானே கற்றுக்கொடுக்க முடியும்? காது மந்தமான ஒரு மாணவி எங்களிடம் படித்தாள். உதட்டசைவைப் பார்த்துத்தான் பாடத்தைப் பின்தொடர்வாள். முகக்கவசம் வந்தபின் வகுப்பில் தலை குனிந்தே உட்கார்ந்திருந்தாள். அவளுக்காக ஒரு வரி எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை.

அப்புறம் இடைவெளி. அமெரிக்காவின் நோய்க்கட்டுப்பாட்டு மையம் வகுப்பறையில் 6 அடி இடைவெளி என்று சொன்னது. உலகச் சுகாதார நிறுவனம் 1 மீட்டர் என்றது. 2021 மார்ச்சில் அமெரிக்க மையம், முகக்கவசம் போட்டிருந்தால் வகுப்பறைக்கு 3 அடி போதும் என்று மாற்றிக்கொண்டது. அறிவியல் வளர வளர விதி மாறுவது நியாயம்தான், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஏன் மாறியது என்று எங்களுக்கு யாராவது விளக்கியிருக்க வேண்டும். விளக்கம் இல்லாமல் எண் மட்டும் மாறும்போது, அறைகளில் இடம் இல்லாததால் விதியைச் சுருக்கிவிட்டார்கள் என்றுதான் ஊழியர்கள் நினைத்தார்கள்.

எனக்கு மிகவும் வலித்தது துப்புரவுப் பணியாளர்கள் விஷயம். ஒவ்வொரு வகுப்பு முடிந்ததும் மேஜை, நாற்காலி, கதவுக் கைப்பிடி, மாடிப்படிக் கம்பி எல்லாவற்றையும் கிருமிநாசினி போட்டுத் துடைக்கச் சொன்னார்கள். ஆள் எண்ணிக்கை கூடவில்லை. கையுறை ஓரிரு வாரத்தில் தீர்ந்துபோனது. அந்த மருந்து வாடையில் மூச்சு இறைக்க இறைக்க அந்தப் பெண்கள் துடைத்துக்கொண்டே இருந்தார்கள். ஆனால் நோய் முக்கியமாகக் காற்று வழியாகத்தான் பரவியது. 2020 ஜூலையிலேயே 239 அறிவியலாளர்கள் கையெழுத்திட்டு, காற்றில் மிதக்கும் நுண்துளிகளைக் கவனியுங்கள் என்று வெளிப்படையாகக் கேட்டிருந்தார்கள். 2021 ஏப்ரலில் அதே அமெரிக்க மையம், நோய்க்கிருமி உள்ள பரப்பு ஒன்றைத் தொடுவதால் தொற்று வரும் வாய்ப்பு பொதுவாக பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று எழுதியது. எங்கள் பள்ளியிலோ துடைப்பதற்குப் பதிவேடு இருந்தது, நேரம் போட்டுக் கையெழுத்து இருந்தது. துருப்பிடித்துத் திறக்காமல் கிடந்த ஜன்னல்களைப் பற்றி எந்த ஆய்வாளரும் கேட்கவில்லை. ஜெர்மனியில் 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஜன்னல்களை முழுதாகத் திறந்து காற்று மாற்றச் சொன்னார்கள். செலவில்லாத வேலை. அது எங்களுக்கு மிகத் தாமதமாகத்தான் வந்து சேர்ந்தது.

அலட்சியமாகத் திறந்தால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று இருந்தது. 2020 மே மாதம் ஜெருசலேமில் ஒரு உயர்நிலைப் பள்ளி திறந்தது. ஒரு வகுப்பில் 35 பேருக்கு மேல். அந்த வாரம் கடும் வெயில் என்பதால் முகக்கவசத்துக்கு விலக்கு அளித்தார்கள். ஏசி ஓடிக்கொண்டே இருந்தது. திறந்து சுமார் பத்து நாளில் முதல் தொற்று தெரியவந்தது. எல்லோரையும் பரிசோதித்தபோது 153 மாணவர்களுக்கும் 25 ஊழியர்களுக்கும் தொற்று உறுதியானது. அந்த 25 பேரைப் பற்றி நாங்கள் ஊழியர் அறையில் நிறையப் பேசியிருக்கிறோம். பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் லேசாக வந்து போய்விடும் என்ற வாதம் எங்கும் கேட்டது. அது பெருமளவு உண்மைதான். ஆனால் வகுப்பறையில் பிள்ளைகள் மட்டும் இருப்பதில்லையே. எங்களில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் இருந்தார்கள், கர்ப்பிணி ஒருவர் இருந்தார், வீட்டில் படுத்த படுக்கையாக இருக்கும் தாயைப் பார்த்துக்கொண்டு வேலைக்கு வந்தவர் இருந்தார். பெற்றோரிடம் ஒப்புதல் கடிதம் வாங்கினோம். ஊழியர்களிடம் அப்படி எதுவும் கேட்கவில்லை. வராவிட்டால் விடுப்பில் கழியும் என்று மட்டும் சொன்னார்கள். ஒப்பந்தத்தில் இருந்தவர்களுக்கு விடுப்பே கிடையாது. அவர்கள் காய்ச்சலை மறைத்துக்கொண்டு வந்தார்கள். அவர்களை நான் குற்றம் சொல்ல மாட்டேன்.

அலுவலக ஊழியர்களையும் சொல்ல வேண்டும். ஆசிரியர்களுக்காவது பேச ஒரு சங்கம் இருந்தது. வாசலில் நின்று நெற்றியில் வெப்பமானியைக் காட்டியவர், ஜன்னல் வழியாகப் பெற்றோரின் திட்டை வாங்கியவர், இவர்களுக்கு யாரும் இல்லை. ஒரே நாளில் ஒருவர் வந்து "என் பிள்ளையை ஏன் வரச் சொல்கிறீர்கள், சாகடிக்கவா?" என்று கத்துவார். அடுத்தவர் வந்து "இன்னும் எத்தனை நாள் வீட்டிலேயே வைத்திருப்பது, சம்பளம் மட்டும் வாங்குகிறீர்களே" என்பார். இரண்டு பேரின் கவலையும் உண்மையானது. பதில் சொல்லும் அதிகாரம் இல்லாத ஒருவர் இரண்டையும் நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தார்.

நன்றாகத் திறந்த இடமே இல்லையா என்றால், இருந்தது. டென்மார்க் 2020 ஏப்ரல் 15 அன்றே சின்ன வகுப்புகளைத் திறந்தது, ஐரோப்பாவில் முதலில் திறந்த நாடு அதுதான். சிறு குழுக்கள், குழுவுக்கு ஒரே ஆசிரியர், முடிந்த அளவு திறந்த வெளியில் பாடம், அடிக்கடி கை கழுவுதல். அங்கே அப்போது தொற்று குறைந்துகொண்டிருந்ததையும் கணக்கில் எடுக்க வேண்டும். என்றாலும் குழந்தை, இடம், ஆசிரியர் மூன்றையும் சேர்த்து யோசித்திருந்தார்கள் என்பது தெரிகிறது. திறந்தவெளிப் பாடம் புதிய யோசனையும் இல்லை. காசநோய் பரவிய காலத்தில், 1904இலேயே, பெர்லினை அடுத்த சார்லாட்டன்பர்க்கில் உடல் நலிந்த பிள்ளைகளுக்காகக் காட்டுக்குள் பள்ளி நடத்தினார்கள்.

எங்கள் பள்ளியில் நிலைமை மாறியது தலைமை ஆசிரியர் ஒரு கூட்டம் போட்டபோதுதான். துப்புரவுப் பணியாளர், வாகன ஓட்டுநர், அலுவலகத்தார் எல்லோரையும் கூப்பிட்டார். எந்த ஜன்னல் திறக்காது, எந்தக் குழாயில் தண்ணீர் வராது, எந்த நடைவழியில் கூட்டம் சேரும் என்று துப்புரவுப் பணியாளர்கள்தான் சொன்னார்கள். ஓட்டுநர் வண்டி நேரத்தை மாற்றிக்கொடுத்தார். நான் ஆன்லைன் வகுப்பைத் தனியாகப் பிரித்து, வீட்டில் ஆபத்து அதிகம் உள்ள ஆசிரியர்களிடம் அதை ஒப்படைத்து அட்டவணை போட்டேன். உத்தரவுகள் பழையபடி குழப்பமாகத்தான் வந்தன, ஆட்கள் கூடவில்லை, ஒப்பந்த ஊழியர்களின் விடுப்பு விஷயம் இன்றுவரை தீரவில்லை. ஆனால் "முடியாது" என்ற சொல் அந்தக் கூட்டத்துக்குப் பிறகு ஊழியர் அறையில் வெகுவாகக் குறைந்தது.