நாலு சங்கம் சேர்ந்து நல்லது செய்ய ஐந்தாவதாக ஒரு டிரஸ்ட் எதற்கு?

கேள்வி: எங்கள் பகுதியில் 2009-ல் பதிவான குடியிருப்போர் நலச் சங்கம், பதிவு செய்யாத இளைஞர் விளையாட்டு மன்றம், மகளிர் சுய உதவிக் குழுக்களின் பகுதிக் கூட்டமைப்பு, ஓய்வூதியர் சங்கம் என நான்கு அமைப்புகள் இருக்கின்றன. நான்கும் சேர்ந்து, தனியாக வசிக்கும் முதியோரைக் கவனித்துக்கொள்ளவும், மாதம் ஒருமுறை ரத்த அழுத்தம், சர்க்கரைப் பரிசோதனை முகாம் நடத்தவும் விரும்புகிறோம். "புதிதாக டிரஸ்ட் பதிவு செய்தால்தான் நடக்கும். 12ஏ, 80ஜி, சி.எஸ்.ஆர். நிதி எல்லாவற்றையும் ஒரே பேக்கேஜாக முடித்துத் தருகிறேன்" என்கிறார் ஒருவர். சிங்கப்பூரில் இருக்கும் எங்கள் பகுதிப் பிள்ளைகளும் பணம் அனுப்பத் தயார். டிரஸ்ட் தேவையா?

- ஒரு வாசகர், திருச்சி

பதில்: தேவையில்லை. அந்தப் பேக்கேஜ்காரருக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.

நீங்கள் செய்ய நினைக்கும் வேலைக்கு வேண்டியவை மூன்று: நான்கு அமைப்புகளின் தீர்மானம், இரண்டு பக்க ஒப்பந்தம், பணத்துக்குப் பொறுப்பேற்கும் ஒரே ஓர் அமைப்பு. அந்தப் பொறுப்பை ஏற்கத் தகுதியானது உங்கள் குடியிருப்போர் நலச் சங்கம்தான். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-ன் கீழ் பதிவாகி, இத்தனை வருடமாக இருந்துவரும் அமைப்பு அது. அந்த வயதுதான் உங்கள் சொத்து. அதை விட்டுவிட்டுப் புது டிரஸ்ட் தொடங்கினால், நேற்றுப் பிறந்த அமைப்பாகத்தான் எல்லா அலுவலகத்திலும் போய் நிற்பீர்கள்.

சி.எஸ்.ஆர். விஷயத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவின் கீழ் ஒரு நிறுவனம் தன் சமூகப் பொறுப்பு நிதியை வெளி அமைப்பு ஒன்றின் மூலம் செலவிட வேண்டுமானால், அந்த அமைப்பு 12ஏ (அமைப்பின் வருமானத்துக்கு வரி விலக்கு தரும் பதிவு), 80ஜி (நன்கொடை தருபவருக்கு வரிக் கழிவு தரும் ஒப்புதல்) இரண்டும் பெற்றிருக்க வேண்டும், சி.எஸ்.ஆர்-1 படிவம் தாக்கல் செய்திருக்க வேண்டும். அதே மாதிரியான பணியில் குறைந்தது 3 ஆண்டு அனுபவமும் காட்ட வேண்டும். இன்று பதிவு செய்த டிரஸ்டுக்கு நாளை சி.எஸ்.ஆர். பணம் வாங்கித் தருகிறேன் என்பவர் ஒன்று விவரம் தெரியாதவர், இல்லையென்றால் விவரமானவர். இரண்டாவது ரகம்தான் அதிகம். "செக்காக வாங்கி, 30 சதவீதத்தை ரொக்கமாகத் திருப்பிவிடலாம்" என்று பேச்சு வந்தால் அத்தோடு எழுந்துவிடுங்கள். ரசீதில் கையெழுத்துப் போட்டவர் உங்கள் பொருளாளர். விசாரணை வந்தால் கூண்டில் நிற்பவரும் அவர்தான்.

இன்னொன்று, அந்த 'மாடல்' டிரஸ்ட் பத்திரம். சங்கத்தில் உறுப்பினர்கள் ஓட்டுப் போட்டு நிர்வாகிகளை மாற்றலாம். டிரஸ்ட் பத்திரத்திலோ நிறுவனர் ஆயுள்கால நிர்வாக அறங்காவலர் என்று ஒரு வரி இருந்தால் போதும், மற்றவர்கள் வேடிக்கை பார்க்க வேண்டியதுதான். அந்த வரி பெரும்பாலும் இருக்கும். இடைத்தரகரோ அவர் சொந்தக்காரரோ அறங்காவலர் பட்டியலில் சத்தமில்லாமல் நுழைந்திருப்பதும் உண்டு. பதிவான பொது அறக்கட்டளையைப் பிடிக்கவில்லை என்று கலைத்துவிட முடியாது. நோக்கத்தைத் திருத்தவே நீதிமன்றப் படியேற நேரலாம். பிரிவு 8 நிறுவனம் (கம்பெனிகள் சட்டப்படி லாப நோக்கமின்றித் தொடங்கும் நிறுவனம்) என்று யாராவது ஆரம்பித்தால் அதையும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். அது உங்கள் அளவுக்கானது அல்ல.

இனி செய்ய வேண்டியது. முதலில் நலச் சங்கத்தின் துணைவிதிகளை எடுத்துப் படியுங்கள். நோக்கங்களில் உறுப்பினர் நலம் மட்டும் இருந்தால், "பகுதி மக்களின் உடல்நலம், முதியோர் நலம்" என்ற வரியைச் சேர்க்கப் பொதுக்குழுவில் சிறப்புத் தீர்மானம் போட்டு, மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்யுங்கள். ஆண்டுக் கணக்கு, நிர்வாகிகள் பட்டியல் எல்லாம் வருடா வருடம் தாக்கலாகி இருக்கிறதா என்றும் பாருங்கள். நாலைந்து வருடம் விடுபட்டிருந்தால், "இந்தச் சங்கம் இனி தேறாது, புதிதாகத் தொடங்குங்கள்" என்பார்கள். தேறும். தாமதத்துக்கு விளக்க மனு கொடுத்து, உரிய கட்டணம் செலுத்திச் சீர்செய்ய வழி இருக்கிறது. அலைச்சல்தான். இணையவழிப் பதிவு வந்த பிறகும் அதே காகிதத்தைக் கையிலும் கொண்டுவா என்று கேட்பதை எந்த மென்பொருளும் இன்னும் சரிசெய்யவில்லை.

விளையாட்டு மன்றத்தைப் பதிவு செய்யாமலே கூட்டில் சேர்த்துக்கொள்ளலாம். பணத்தை மட்டும் அவர்கள் தொடக் கூடாது. 20 உறுப்பினர் இருந்தாலோ, ஆண்டு வரவோ செலவோ 10,000 ரூபாயை எட்டினாலோ பதிவு கட்டாயம் என்கிறது சட்டம். இன்றைக்கு ஒரு கிரிக்கெட் போட்டிக்கே அது போதாது. ஆனாலும் சட்டம் சட்டம்தான். மெதுவாகப் பதிவு செய்துகொள்ளட்டும்.

ஒப்பந்தத்தில் பெரிய வார்த்தைகள் வேண்டாம். யார் என்ன வேலை, யாரிடம் பணம், எவ்வளவு தொகைக்கு மேல் நான்கு பேரின் ஒப்புதல் வேண்டும், பொருள்கள் யார் பெயரில், ஓர் அமைப்பு விலகினால் என்ன நடக்கும் என்பவை போதும். கடைசி இரண்டையும்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். பிறகு ரத்த அழுத்தக் கருவி யாருடையது என்ற சண்டையில் முகாமே நின்றுபோகும். ஒவ்வோர் அமைப்பும் தன் தீர்மானப் புத்தகத்தில் இதை ஏற்றுத் தீர்மானம் எழுதி, அதன் நகலை ஒப்பந்தத்துடன் இணைக்க வேண்டும். தீர்மானம் இல்லாமல் தலைவர் மட்டும் போட்ட கையெழுத்து, அடுத்த தேர்தல் வரைக்கும்தான் தாங்கும். சுய உதவிக் குழுக்களின் சுழல்நிதியையும் வங்கிக் கடனையும் இதில் எந்தக் காரணத்துக்காகவும் கலக்காதீர்கள்.

பணம் சங்கத்தின் பெயரிலும் பான் எண்ணிலும் தனியாக ஒரு சேமிப்புக் கணக்கில் இருக்கட்டும். மூன்று நிர்வாகிகளில் எவராவது இருவர் கையெழுத்திட்டால்தான் பணம் எடுக்க முடிய வேண்டும். பொருளாளரின் சொந்த எண்ணுக்குக் கூகுள் பே மட்டும் வேண்டவே வேண்டாம். வருட முடிவில் அது அவருடைய வருமானமாகத் தெரியும்; அது நன்கொடை என்று நிரூபிக்கிற வேலையும் அவர் தலையில் விழும். நான்கு அமைப்பும் நான்கு ரசீதுப் புத்தகம் அடிப்பது அடுத்த தவறு. சங்கத்தின் ஒரே புத்தகம், அச்சிட்ட வரிசை எண், பான் எண், கொடுத்தவர் பெயர், செலுத்திய முறை, "முதியோர் நலத் திட்டத்துக்காக" என்ற வரி: இவ்வளவும் ரசீதில் இருக்க வேண்டும். அந்தக் கடைசி வரி இல்லையென்றால், அடுத்த நிர்வாகக் குழு அதே பணத்தில் கேட்டுக்குப் பெயிண்ட் அடித்துவிடும். சில்லறைச் செலவுக்குச் சிறு தொகையைக் கையில் வைத்து வவுச்சர் போடுங்கள். "ஆட்டோ 180" என்று மட்டும் எழுதாமல், யாரை, எங்கிருந்து எங்கே, எந்தத் தேதியில் என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

80ஜி இல்லாவிட்டால் யாரும் தர மாட்டார்கள் என்பது ஏஜென்டுகள் கிளப்பும் பயம். புதிய வரிமுறையைத் தேர்ந்திருப்பவருக்கு 80ஜி கழிவே கிடையாது. பழைய முறையில் இருப்பவருக்கும் இதுபோன்ற நன்கொடையில் பாதிதான், அதுவும் வரம்போடு. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் அதுவும் இல்லை. 12ஏ மட்டும் ஒரு கட்டத்தில் வேண்டியிருக்கும். உறுப்பினர் சந்தாவும் வெளியார் நன்கொடையும் வரித்துறைக்கு ஒன்றல்ல. நன்கொடை லட்சங்களைத் தொடும் முன் ஆடிட்டரைப் பாருங்கள். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறிவிட்டன. ஊர் வழக்கில் பழைய பெயர்தான். 12ஏ விண்ணப்பத்துக்கு அரசுக் கட்டணம் கிடையாது. தொண்டு அமைப்புகளுக்கான நிதி ஆயோக்கின் தர்பன் தளப் பதிவும் இலவசம். இலவசமாகக் கொடுப்பதை இவ்வளவு சிக்கலாக வைத்திருப்பதால்தான் தரகர்கள் பிழைக்கிறார்கள்.

சிங்கப்பூர்ப் பணத்தில் நிறுத்தி நிதானமாகப் படியுங்கள், ஏனென்றால் பலர் விழுவது இங்கேதான். வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம், 2010 பார்ப்பது பணம் எந்த நாட்டிலிருந்து வந்தது என்பதை அல்ல, கொடுத்தவர் எந்த நாட்டுக் குடிமகன் என்பதை. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர், அங்கே வேலை பார்த்துச் சேர்த்த சொந்தப் பணத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது, தாராளமாக வாங்கலாம். அவர் பாஸ்போர்ட்டின் முதல் பக்க நகலை ரசீதோடு சேர்த்து வையுங்கள். அவருடைய தம்பி சிங்கப்பூர்க் குடியுரிமை வாங்கிவிட்டாரா? அப்படியானால் அவர் பிறந்தது உங்கள் தெருவிலேயே இருந்தாலும், ஓ.சி.ஐ. அட்டை (இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் அட்டை) இருந்தாலும், சட்டத்தின் கண்ணில் அவர் வெளிநாட்டவர். விடுமுறைக்கு வந்தபோது ரூபாயாகக் கையில் கொடுத்தாலும் அது வெளிநாட்டுப் பங்களிப்புதான். அண்ணன் கணக்குக்கு அனுப்பி, அண்ணன் பெயரில் உங்களுக்குப் போடுவது வழியல்ல, வம்பு. இந்தச் சட்டப்படி பதிவு பெற்ற வேறொரு தொண்டு நிறுவனம் வாங்கி உங்களுக்குத் தரலாமே என்பார்கள். 2020 திருத்தத்துக்குப் பிறகு அப்படி மாற்றிவிடவே முடியாது. உங்கள் சங்கமே பதிவு கேட்க, 3 ஆண்டு இருப்பும் அந்த ஆண்டுகளில் பணிகளுக்கு 15 லட்சம் ரூபாய் செலவும் காட்ட வேண்டும். ஆகவே, குடியுரிமை மாறியவர்களிடம் பணம் வேண்டாம் என்று நயமாகச் சொல்லிவிடுங்கள். ஊருக்கு வரும்போது இரண்டு நாள் வந்து உடன் வேலை செய்யட்டும்.

முகாமுக்கு வருவோம். நீங்கள் இடம், ஆள், விளம்பரம் பார்த்துக்கொள்ளுங்கள். பரிசோதனையை நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையமோ ஒரு மருத்துவமனையோ செய்யட்டும். அழுத்தம் பார்க்கும் முன் 5 நிமிடம் உட்கார வைக்க வேண்டும், கை இதய மட்டத்தில் இருக்க வேண்டும், இரண்டு முறை பார்க்க வேண்டும். படியேறி வந்த மூச்சோடு பார்த்தால் பாதிப் பேருக்கு இல்லாத நோய் இருக்கும். சர்க்கரை பார்க்கும் ஊசி ஆளுக்கு ஒன்று. பயன்படுத்தியவை துளைபடாத வெள்ளைப் பெட்டிக்குள் போய், மருத்துவமனையோடே திரும்ப வேண்டும், மாநகராட்சிக் குப்பைக்கு அல்ல. 140/90-க்கு மேலோ, சர்க்கரை 200-க்கு மேலோ வந்தவர்களின் பட்டியலை அன்றே சுகாதார நிலையத்தில் கொடுத்தால், உறுதியானவர்களுக்கு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வரும். நீங்களாக மாத்திரை கொடுக்காதீர்கள்.

முதியோர் பட்டியல் ஒரு நோட்டில், இரண்டு பேர் பொறுப்பில் இருக்கட்டும்: பெயர், கதவு எண், பிள்ளைகளின் போன், சாப்பிடும் மருந்து, அவசரத்துக்குச் சாவி யாரிடம். வாட்ஸ்அப் குழுவில் போட்டால், தனியாக இருப்பவர்கள் யார் யார் என்று திருடனுக்கு நீங்களே எழுதிக் கொடுத்த மாதிரி. ஒரு தொண்டருக்கு ஐந்தாறு வீடு போதும், முதல் சில தடவை இருவராகப் போகட்டும். 14567 என்ற முதியோர் உதவி எண்ணைப் பெரிய எழுத்தில் எழுதி அவர்கள் போன் பக்கத்தில் ஒட்டுங்கள்.

அந்தப் பேக்கேஜ்காரரிடம் ஏற்கெனவே காகிதம் எதுவும் கொடுத்திருந்தால் உடனே திரும்ப வாங்குங்கள். நலச் சங்கத்தின் வருமான வரி இணையக் கணக்கில் யாருடைய மொபைல் எண்ணும் மின்னஞ்சலும் இருக்கின்றன என்று இன்றே பாருங்கள். அவருடையது இருந்தால் உங்களுக்கு வரும் நோட்டீஸ் எல்லாம் அவருக்குத்தான் போகும். மாற்றிவிட்டு, கடவுச்சொல்லையும் மாற்றுங்கள். டிஜிட்டல் கையொப்ப டோக்கன் எடுத்திருந்தால் அது செயலாளர் கையில் இருக்க வேண்டும், பேக்கேஜ்காரர் மேஜை டிராயரில் அல்ல.