சாவை விற்றவரும் அச்சடித்தவர்களும்

கேள்வி: பிரிட்டனின் ‘பிக் பிரதர்’ (நம் ‘பிக் பாஸ்’ மாதிரியான டி.வி. நிகழ்ச்சி) புகழ் ஜேட் கூடி, நம் ஷில்பா ஷெட்டியை இனவெறியோடு ஏசியவர். புற்றுநோய் வந்ததும் தன் சாவையே காசாக்கினார். இரண்டு பிள்ளைகளைப் பெற்றவள் செய்கிற காரியமா இது? இவரையெல்லாம் இன்னும் எதற்கு நினைவுகூர்கிறார்கள்?
– வாசகி ஒருவர், ஈரோடு

பதில்: ஏசியது உண்மை. அதற்கு வக்காலத்து வாங்க மாட்டேன். 2007 ஜனவரியில், இருவரும் ஒன்றாக இருந்த ‘பிக் பிரதர்’ வீட்டில் வெடித்த பெரிய சண்டை, சூப்பில் போடும் மசாலாக் கட்டிக்காக நடந்தது. நம் வீட்டில் ரசப்பொடி தீர்ந்துபோனதற்கு ஊரைக் கூட்டுவது மாதிரி. ஷில்பாவின் பெயரோடு ‘பாப்படம்’ என்று சேர்த்தும் பேசினார். (நம் அப்பளம்தான். பந்தியில் எல்லோரும் இரண்டாவது முறை கேட்கிற பண்டத்தை வசைச்சொல்லாக்கத் தனித் திறமை வேண்டும்.) ஒளிபரப்புக் கண்காணிப்பு அமைப்புக்கு 40,000-க்கும் மேற்பட்ட புகார்கள் குவிந்தன. அப்போது இந்தியா வந்திருந்த பிரிட்டன் நிதியமைச்சர் கார்டன் பிரவுன் இதற்கும் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. பார்வையாளர்களே வாக்களித்து ஜேடை வெளியே அனுப்பினார்கள். தண்டனை கிடைத்துவிட்டது.

உங்கள் கேள்வியின் அடுத்த பாதியோடுதான் எனக்குச் சண்டை.

தகப்பன் ஹெராயினுக்கு அடிமை. தாய்க்கோ மோட்டார் சைக்கிள் விபத்தில் ஒரு கை செயலிழந்துவிட்டது. அவரைப் பார்த்துக்கொண்டது சிறுமி ஜேட். 2002-ல் முதன்முதலாக ‘பிக் பிரதர்’ வீட்டுக்குள் போனபோது அவருக்கு வயது 20. பல் மருத்துவரிடம் உதவியாளர் வேலை. ஈஸ்ட் ஆங்கிலியா என்ற தன் நாட்டுப் பகுதியையே வெளிநாடு என்று நினைத்தாராம். நாடே சிரித்தது. அவரைப் பன்றி என்று எழுதிய பத்திரிகைகள், விற்பனை ஏறுவதைக் கண்டதும் அதே முகத்தை அட்டையில் போட்டன. அதாவது, ஜேட் தன்னை விற்கக் கற்றுக்கொள்ளும் முன்பே மற்றவர்கள் அவரை விற்கத் தொடங்கிவிட்டார்கள்.

2008 ஆகஸ்டில், ஷில்பா தொகுத்து வழங்கிய இந்தி ‘பிக் பாஸ்’ வீட்டுக்கு வந்தார். கருப்பை வாய்ப் புற்றுநோய் என்ற செய்தி அங்கே, கேமரா வைத்த அறையில்தான் அவருக்குச் சொல்லப்பட்டது. மருத்துவர் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு கேட்க வேண்டிய சேதி அது.

அதன் பிறகு அவர் விற்றார். திருமணப் படங்கள், பேட்டிகள், எல்லாம். பணம் எதற்கு என்று ஒளிக்கவும் இல்லை: தனக்குக் கிடைக்காத படிப்பு மகன்களுக்குக் கிடைக்க வேண்டும். மூத்தவனுக்கு ஐந்து வயது, இளையவனுக்கு நான்கு. மாதக் கணக்கில் ஆயுளை எண்ணிக்கொண்டிருக்கும் இருபத்தேழு வயதுத் தாய், கையில் இருந்த ஒரே சரக்கை விற்றுப் பிள்ளைகளுக்குச் சேர்த்து வைத்தாள். இதில் நீங்கள் வெட்கப்பட என்ன இருக்கிறது?

ஏன் நினைவுகூர்கிறார்கள் என்றும் கேட்டீர்கள். அவர் நோயுற்று இறந்த அந்த ஓராண்டில், இங்கிலாந்தில் கருப்பை வாய்ப் பரிசோதனைக்கு வழக்கத்தைவிட ஏறத்தாழ 5 லட்சம் பேர் கூடுதலாக வந்தார்கள். துண்டுப் பிரசுரம் அடித்து வரவழைக்க முடியாத கூட்டம் அது.

2009 மார்ச் 22 அன்று ஜேட் இறந்தார். பிரிட்டனில் அன்று அன்னையர் தினம். அதற்குச் சில நாட்கள் முன்னதாகவே, ‘அன்பான நினைவில்’ என்று அட்டையில் போட்டு ஒரு வார இதழ் அவருக்கு அஞ்சலி மலர் கொண்டுவந்துவிட்டது. பத்திரிகைக்காரனாக அதைச் சொல்ல எனக்குத்தான் கூச்சமாக இருக்கிறது. அந்த இதழ் கடைக்கு வந்த நாளில் ஜேட் வீட்டில் படுக்கையில், உயிரோடுதான் இருந்தார்.