ஆம்புலன்ஸும் ஆட்டிசமும் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

எனக்கு 23 வயது. ஆட்டிசம் இருப்பதாகப் போன வருடம்தான் டாக்டர் உறுதிசெய்தார். ஆம்புலன்ஸில் மருத்துவ உதவியாளராக வேண்டும் என்பது பள்ளிக்கால ஆசை. முதலுதவி வகுப்பில் எல்லாம் நன்றாகவே வருகிறது. ஆனால் யாராவது நாற்காலியைத் தரையில் இழுத்தால்கூடக் காதைப் பொத்திக்கொள்வேன். கண்ணைப் பார்த்துப் பேச வராது. “நீ நோயாளியைப் பார்ப்பாயா, உன்னை நோயாளி பார்க்கணுமா?” என்கிறார் அண்ணன். நீங்கள் அந்த வேலையில் இருந்தவர். என்னால் முடியுமா?

(பெயர் வெளியிட வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

ஆட்டிசம் உள்ளவர்கள் இந்த வேலையில் இருக்கிறார்கள். பலர் வெளியே சொல்லிக்கொள்வதில்லை, அவ்வளவுதான். உங்களால் முடியுமா என்பதை என்னாலும் சொல்ல முடியாது, அண்ணனாலும் முடியாது.

இதயம் நின்றுபோன ஒருவரிடம் போகிறோம் என்று வையுங்கள். சுற்றிலும் அழுகை, கூச்சல். நடுவில் எங்கள் வேலை மட்டும் சீராக ஓடும். நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், ஆழம் 5 செ.மீ.க்குக் குறையாமல், 6-ஐத் தாண்டாமல். 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. 2 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறவேண்டும். “அட்ரினலின் 1 மில்லிகிராம்” என்று ஒருவர் சொன்னால், மருந்தை எடுப்பவர் அதையே திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் ஏற்றுவார். ஏற்றியதும் “போட்டாச்சு” என்பார். ஜாடைமாடைப் பேச்சுக்கே இடமில்லை. வேறு இடத்தில் இப்படிப் பேசினால் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். இங்கே இதைத்தான் மெனக்கெட்டுச் சொல்லித்தருகிறார்கள்.

என்னோடு வண்டியில் வந்த ஒருவர், தனக்கு ஆட்டிசம் என்று ஐந்து வருடம் கழித்துத்தான் சொன்னார். சைரன் அவரை ஒன்றும் செய்யவில்லை. எப்போது வரும், எப்போது நிற்கும் என்று தெரிந்த சத்தம் அது. அவரை வதைத்தது, அழைப்பு இல்லாத நேரத்தில் ஓய்வறையில் ஓடிய டீவி, கேலிப் பேச்சு, கூட வேலை செய்யும் ஜோடியைச் சொல்லாமல் கொள்ளாமல் மாற்றுவது. ஷிஃப்ட் முடிந்ததும் வண்டியின் பின்பக்கம் ஏறி, கதவைச் சாத்தி, விளக்கை அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் ஸ்ட்ரெச்சரில் உட்கார்ந்திருப்பார். ஏதோ சாமான் எண்ணுகிறார் என்றே நான் நினைத்திருந்தேன்.

கண் விஷயத்துக்கு வருவோம். வலியில் இருப்பவர் உங்கள் கண்ணைத் தேடுவதில்லை. பக்கத்தில் மண்டியிட்டு, “இப்போது கையைப் பிடிக்கப் போகிறேன், பிரஷர் பார்க்க” என்று தொடுவதற்கு முன்பே சொன்னால் போதும். கண்ணைப் பார்த்துக்கொண்டே எதுவும் சொல்லாமல் ஊசி குத்துகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஆட்டிசம் என்றால் அடுத்தவர் வலி புரியாது என்பார்கள். புரியாமை இரண்டு பக்கமும் இருக்கிறது என்று 2012-லேயே எழுதினார் டேமியன் மில்டன். அவரும் ஆட்டிசம் உள்ள ஆய்வாளர்தான்.

ஆனால் ஒன்றை மறைக்காமல் கேட்டுக்கொள்ளுங்கள். சத்தமும் கூட்டமும் மிஞ்சும்போது உங்களுக்குப் பேச்சு நின்றுபோகுமா? போகும் என்றால், அது வரப்போவது எவ்வளவு முன்னால் தெரிகிறது? தெரிந்தால் கூட வருபவரிடம் ஒரு சொல் சொல்லிவிட்டு இடம் மாற்றிக்கொள்ளலாம். முன்னறிவிப்பே இல்லாமல் வருகிறது என்றால், ஓடும் வண்டிக்குள் நோயாளியோடு தனியாக இருக்கும் வேலை இப்போதைக்கு வேண்டாம். “அப்படியானால் கட்டுப்பாட்டு அறையில் ஃபோன் எடு” என்று சுலபமாகச் சொல்வார்கள். அங்கே அலறல் நேராகக் காதுக்குள் வரும், அதுவும் லேசுப்பட்டதில்லை.

பயிற்சியில் சேரும் முன், பார்வையாளராக வண்டியில் ஏற அனுமதி கிடைக்குமா என்று கேளுங்கள். பகல் ஒன்று, இரவு ஒன்று. பேச்சை மறைக்காமல் சத்தத்தை மட்டும் குறைக்கும் காதடைப்பான்கள் கிடைக்கின்றன, ஒரு ஜோடி கொண்டுபோங்கள். இரவில் அழைப்பே வராமல் மூன்று மணி நேரம் சும்மா உட்கார நேர்ந்தால் நல்லது. அது எப்படிப் போனது என்று எனக்கு எழுதுங்கள்.