கலெக்டர் லிம்பெட் ஒரே பெட்டியோடு அழிந்துபோவது ஏன்

கீழக்கரை சகோ, எலைட் டேஞ்சரஸ் என்ற விண்வெளி வீடியோ கேமில் சிதைந்த கப்பல் பக்கம் விடும் கலெக்டர் லிம்பெட் (மிதக்கும் சரக்குப் பெட்டிகளைப் பொறுக்கிவரும் குட்டி டிரோன்) எல்லாம் ஒரே பெட்டியோடு அழிந்துவிடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். கோளாறு எதுவும் இல்லை. ஒரு பெட்டியை டார்கெட் செய்துவிட்டு அனுப்பினால், அதைக் கொண்டுவந்ததும் லிம்பெட் தீர்ந்துவிடும். டார்கெட்டை எடுத்துவிட்டு, கார்கோ ஸ்கூப்பை, அதாவது சரக்கை உள்ளே எடுக்கும் கதவைத் திறந்து அனுப்புங்கள். ஆயுள் முடியும்வரை பொறுக்கிக்கொண்டே இருக்கும். கப்பலை மட்டும் அசைக்காமல் நிறுத்துங்கள்.

அப்புறம், உங்கள் கப்பலின் 32 டன் சரக்கு இடத்தில் 24 லிம்பெட் ஏற்றுவது ரொம்ப அதிகம். ஒவ்வொன்றும் ஒரு டன் இடத்தை அடைக்குமே! பாம்பனில் எங்கள் விசைப்படகில் ஐஸ்கூட அளவாகத்தான் ஏற்றுவோம், மீனுக்கு இடம் வேண்டுமல்லவா. 8 போதும்.

திருட்டுச் சரக்கு என்று காட்டுவதைத் தொடாதீர்கள். ஸ்டேஷன் வாசலில் ஸ்கேன் செய்தால் அபராதம்தான்.