யாரோ ஒரு பிள்ளையைப் பற்றி நீங்கள் கதைத்ததை மகள் கேட்டுக்கொண்டிருந்தாள்

கேள்வி: அன்பின் அக்காவுக்கு, எனக்கு 46 வயது. திருகோணமலைக் கச்சேரியில் கிளாக்காக இருக்கிறேன். கணவர் கட்டாரில். மகள் வளாகத்தில் இரண்டாம் வருடம். போன வருடம் கேரளத்துப் பாறசாலை கஷாய வழக்கைப் பார்க்கத் தொடங்கினேன், காதலனுக்குக் கஷாயத்தில் நஞ்சு கலந்து கொடுத்துக் கொன்ற பெண்ணின் வழக்கு. அது முடிய, முன்னாள் காதலனைக் கொன்ற ஜோடி ஏரியஸ் என்ற அமெரிக்கப் பெண்ணின் வழக்கை யூடியூப் கொண்டுவந்து காட்டியது. இரவு இரண்டு மணி வரைக்கும் பார்க்கிறேன். கந்தோரில் சாப்பாட்டு நேரத்திலும் இதே கதைதான். போன மாதம்தான் மகளின் சிநேகிதி சொல்லித் தெரியும், அவள் இரண்டு வருடமாக ஒரு பெடியனை விரும்பியிருக்கிறாள். இப்போது விட்டுவிட்டாளாம். அவன் விடாமல் மெசேஜ் போடுகிறானாம். ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன். “அந்தக் கேரளாப் பிள்ளையைப் பற்றி நீங்கள் கதைச்சதைக் கேட்ட பிறகு உங்களிட்ட எப்படியம்மா சொல்லுறது?” என்றாள். எனக்கு ஏதும் மனக்கோளாறா அக்கா? இதை எப்படி விடுவது? கணவருக்குச் சொல்லவா?
— பெயர் வேண்டாம், உவர்மலை

பதில்:

அன்பான தங்கச்சி,

உங்கள் கடிதம் நீளமானது. இங்கே சுருக்கித்தான் போட்டிருக்கிறேன். முழுக் கடிதத்தில் மூன்று பக்கம் அந்த வழக்குகளைப் பற்றி எழுதியிருந்தீர்கள். யார் எப்போது பொய் சொன்னார், எந்தச் சாட்சி தடுமாறினார் என்று எல்லாம் இருந்தது. மகளுக்கு வரும் மெசேஜ்களைப் பற்றி இருந்தது இரண்டு வரி. அவன் என்ன எழுதுகிறான், ஒரு நாளைக்கு எத்தனை தடவை, மிரட்டுகிறானா, கெஞ்சுகிறானா, பஸ் தரிப்பில் வந்து நிற்கிறானா, ஒன்றுமே இல்லை. உங்களைக் குத்திக்காட்ட இதைச் சொல்லவில்லை. இன்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது அந்த இரண்டு வரிக்குள்தான் இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன்.

மனக்கோளாறா என்று கேட்டீர்கள். இல்லை. காதலித்த இருவரில் ஒருவர் மற்றவரைக் கொன்றார் என்றால் உலகம் திரும்பிப் பார்க்கும், எப்போதும் பார்த்திருக்கிறது. 1949 ஒக்டோபரில் கிரிக்கெட் வீரர் சதாசிவத்தின் மனைவி பம்பலப்பிட்டி வீட்டில் கொலையுண்டு கிடந்தார். விவாகரத்து வழக்கு நடந்துகொண்டிருந்த நேரம் அது. கணவர் மேல் வழக்கு வந்தது. கொல்வின் ஆர். டி சில்வா அவருக்காக வாதாடினார், பிரித்தானியாவிலிருந்து சிட்னி ஸ்மித் என்ற பேராசிரியர் வந்து சாட்சி சொன்னார், 1951இல் சதாசிவம் விடுதலையானார். தொலைக்காட்சி இல்லாத அந்தக் காலத்தில் சனம் பத்திரிகையை வைத்துக்கொண்டே அந்த வழக்கைப் பின்தொடர்ந்தது. இன்றைக்கும் வயதானவர்கள் நாலு பேர் கூடினால், “அவன் செய்தானா இல்லையா” என்று தொடங்குவார்கள்.

எங்கள் ஆட்களிடம் இந்த ஈர்ப்புக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது என்று நினைக்கிறேன். எங்கள் வீடுகளில் காதலைப் பற்றி வாய் திறந்து கதைப்பதில்லை. கல்யாணம் ஆகும் வரைக்கும் அது ஒளிப்பு. குழம்பினால் அதைவிடப் பெரிய ஒளிப்பு. இருவர் எப்படிப் பழகினார்கள், என்ன எழுதிக்கொண்டார்கள், எந்த இடத்தில் கசந்தது என்பதெல்லாம் எங்கள் காதுக்கு வருவதே வழக்கென்று ஒன்று வந்த பிறகுதான். நீதிமன்றத்தில் மெசேஜை வாசிக்கிறார்கள், தொலைபேசிப் பதிவைப் போட்டுக் காட்டுகிறார்கள். அரிசோனாவில் நடந்த ஏரியஸ் வழக்கில் அந்த இருவரின் படுக்கையறைப் பேச்சைக்கூட ஜூரிகள் முன்னால் போட்டார்கள். 46 வயதில் ஒரு பெண் இரவிரவாக அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்றால், காதலைப் பற்றி யாரும் அவளோடு ஒருநாளும் மனம்விட்டுக் கதைத்ததில்லை என்பதும் அதற்குள் இருக்கும். உங்கள் விஷயத்தில் அப்படித்தானா என்று எனக்குத் தெரியாது. யோசித்துப் பாருங்கள்.

ஆனால் பார்த்துக்கொண்டே இருப்பது ஆளை மாற்றிவிடும். ஏரியஸ் வழக்கு 2013 ஜனவரியில் தொடங்கி மே 8இல் குற்றவாளி என்ற தீர்ப்பு வந்தது. அந்த நாலு மாதமும் அது நேரடியாக ஒளிபரப்பானது. பொதுமக்களுக்கான இருக்கைகளுக்கு விடியமுன்னரே வரிசையில் நின்றார்கள். அரச தரப்பு வழக்கறிஞரிடம் நீதிமன்ற வாசலில் கையெழுத்து வாங்கினார்கள். குடும்ப வன்முறை பற்றி எதிரி தரப்புக்காகச் சாட்சி சொன்ன ஒரு பெண் நிபுணரை, அவர் எழுதிய புத்தகத்தைத் தொட்டும் பார்க்காதவர்கள் இணையக் கடையில் கூட்டமாகப் போய்த் திட்டி எழுதினார்கள். தீர்ப்பு வந்ததும் வெளியே ஆரவாரம். கொலையுண்டவர் 30 வயது இளைஞர். அவருடைய சகோதர சகோதரிகள் நாள்தோறும் உள்ளே இருந்து அவருடைய உடலின் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளியே நின்று கைதட்டியவர்கள் கெட்டவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். மாதக்கணக்காகப் பார்த்ததில் தாங்கள் பார்ப்பது ஒரு சாவு என்பது அவர்களுக்கு மறந்துபோயிருந்தது.

இப்போது நான் சொல்லப்போவதைக் கொஞ்சம் நின்று வாசியுங்கள்.

பாறசாலை இளைஞனுக்குக் களைகொல்லி கலந்த கஷாயம் கொடுக்கப்பட்டது 2022 ஒக்டோபர் 14. அதற்கு முதல் நாள், ஒக்டோபர் 13, சென்னை பரங்கிமலை ரயில் நிலையத்தில் 20 வயதுக் கல்லூரி மாணவி ஒருத்தியை ஓடி வந்த ரயிலின் முன் ஒருவன் தள்ளிக் கொன்றான். அவள் விலகிப்போன பிறகும் பின்னாலேயே திரிந்தவன். அந்த வழக்கில் 2024 டிசம்பர் 30இல் மரண தண்டனை. கஷாய வழக்கில் 2025 ஜனவரி 20இல் மரண தண்டனை. ஒரு நாள் இடைவெளியில் நடந்த இரண்டு குற்றங்கள், மூன்று கிழமை இடைவெளியில் இரண்டு தீர்ப்புகள். உங்கள் மூன்று பக்கத்தில் பரங்கிமலைப் பிள்ளை ஒரு வரியில்கூட வரவில்லை. உங்கள் கந்தோரிலும் அவளைப் பற்றி யாரும் கதைத்திருக்க மாட்டார்கள்.

ஏன் தெரியுமா? பெண் கொன்றால் அது அதிசயம். பெண்ணைக் கொன்றால் அது வழமை. ஐக்கிய நாடுகள் சபையின் கணக்குப்படி 2023ஆம் ஆண்டில் மட்டும் உலகத்தில் சுமார் 51,100 பெண்களும் சிறுமிகளும் தங்கள் துணைவராலோ குடும்பத்தவராலோ கொல்லப்பட்டார்கள். நாளொன்றுக்கு 140 பேர். இந்த 140 பேரைப் பற்றி யூடியூப் உங்களுக்குக் காட்டாது. அது காட்டுவது கஷாயம் கொடுத்தவளை, கத்தி எடுத்தவளை. அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தால் காதலை முறிக்கும் பெண் என்றாலே ஒரு ஏமாற்றுக்காரி கண்ணுக்கு முன் வந்து நிற்பாள். நீங்கள் அந்தக் கேரளாப் பிள்ளையைப் பற்றி என்ன சொன்னீர்கள் என்று எழுதவில்லை. எனக்கு ஊகிக்க முடிகிறது: “இவ்வளவு நாள் பழகிப்போட்டு வேறொருத்தனைக் கட்ட ஓடினவள்” என்கிற மாதிரி ஏதோ. கொலையைத் திட்டுவதாகத்தான் நீங்கள் நினைத்தீர்கள். பக்கத்து அறையில் இருந்த மகளின் காதில் விழுந்தது பழகியதும் விட்டதும்தான். அவள் செய்ததும் அவ்வளவுதானே.

ஆகவே அவளிடம் போய்ச் சொல்லுங்கள்: “நான் கொலையைத்தான் திட்டினேன். ஒருத்தனை விரும்பினதோ, சரிவராதென்று விட்டதோ குற்றமில்லை. நீ விட்டது சரி.” கடைசி வசனத்தை விழுங்கிவிடாதீர்கள். அவன் யார், என்ன சாதி, எந்த ஊர், எங்கெங்கே போனீர்கள் என்று அன்றைக்குக் கேட்கவே வேண்டாம். அவளாகச் சொன்னால் கேளுங்கள். சொல்லாவிட்டால் மெசேஜ்களைப் பற்றி மட்டும் கேளுங்கள்.

மெசேஜ்களை அழிக்க விடாதீர்கள். திகதியும் நேரமும் தெரியும்படி ஸ்கிரீன்ஷொட் எடுத்து உங்கள் போனிலும் வைத்துக்கொள்ளுங்கள். “இனி எனக்கு எழுத வேண்டாம்” என்று அவள் ஒரு தடவை தெளிவாக எழுதட்டும். அதற்குப் பிறகு ஒரு பதிலும் வேண்டாம். கோபித்தும் வேண்டாம், சமாதானமாகவும் வேண்டாம். “கடைசியாக ஒருக்கா சந்திப்பம்” என்று அவன் கேட்டால் போகவே கூடாது. நீங்கள் பார்த்த இரண்டு வழக்கையும் நினைத்துப் பாருங்கள். இரண்டிலும் கொலை நடந்தது முறிந்த பிறகோ முறிகிற நேரத்திலோ நடந்த தனிச் சந்திப்பில். பரங்கிமலையில் அந்தப் பிள்ளை வழமையாக ரயில் ஏறும் இடம் அவனுக்குத் தெரிந்திருந்தது. ஆகவே கொஞ்ச நாளைக்கு நிலாவெளி வீதியில் அவள் தனியாக பஸ்ஸுக்கு நிற்காமல் சிநேகிதிகளோடு போய்வரட்டும். நேரத்தை மாற்றிப் போகலாம். உங்களுக்குச் சொன்ன அந்தச் சிநேகிதியைத் திட்டிவிடாதீர்கள், நல்ல பிள்ளை அவள். வளாகத்து மாணவர் ஆலோசகருக்கும் ஒரு சொல் சொல்லி வையுங்கள்.

மிரட்டல் இருந்தால், படங்களைப் போடுவேன் என்றால், பின்தொடர்ந்தால், பொலிஸ் நிலையத்தில் உள்ள பெண்கள், சிறுவர் பிரிவில் முறைப்பாடு செய்யுங்கள். அவசரமென்றால் 119. ஒன்றை முன்கூட்டியே தெரிந்துகொண்டு போங்கள்: 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தைப் பலரும் சொல்வார்கள். அது கணவன், முன்னாள் கணவன், கூடி வாழ்ந்தவர், உறவினர் என்று ஆட்களை வரையறுத்துத்தான் பாதுகாப்புக் கட்டளை தருகிறது. காதலித்துப் பிரிந்தவர்கள் அதற்குள் வருவதில்லை. இது எங்கள் சட்டத்தில் உள்ள பெரிய ஓட்டை. அதற்காகக் கையை விரித்துக்கொண்டு வந்துவிடாதீர்கள். மிரட்டுவது தண்டனைச் சட்டக்கோவையின்படி குற்றம், அதை வைத்து முறைப்பாட்டை எழுதச் சொல்லுங்கள். யாரிடமாவது முதலில் கேட்க வேண்டுமென்றால் 1938 பெண்களுக்கான உதவி இலக்கம். மகள் நித்திரையில்லாமல், சாப்பிடாமல் கிடக்கிறாள் என்றால் மனநல உதவி இலக்கமான 1926க்கு எடுங்கள்.

தம்பிமாரைக் கூட்டிக்கொண்டு அந்தப் பெடியனின் வீட்டு வாசலுக்குப் போக வேண்டாம். அவமானப்பட்டவன் இன்னும் முரடாவான்.

வீடியோ பார்ப்பதை எப்படி விடுவது என்று கேட்டீர்கள். போனைப் படுக்கையறைக்கு வெளியே வைத்துவிட்டுப் படுங்கள், பார்த்தவற்றின் வரலாற்றை யூடியூப்பில் அழித்துவிடுங்கள். அதற்குப் பிறகு அது காட்டுவது தானாகக் குறையும். ஒரேயடியாக விட முடியாவிட்டாலும் பெரிய காரியமில்லை. கந்தோரில் அந்தக் கதை எழும்பும்போது ஒரு தடவை பரங்கிமலைப் பிள்ளையைப் பற்றிச் சொல்லிப் பாருங்கள். உங்கள் மேசையைச் சுற்றி இருப்பவர்களுக்கும் மகள்மார் இருப்பார்கள்.

கணவருக்குச் சொல்வதா என்று கேட்டீர்கள். மிரட்டல் இருந்தால் இன்றைக்கே சொல்லுங்கள், அதில் யோசிக்க ஒன்றுமில்லை. இல்லையென்றால் மகளைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். அவள் சம்மதிக்கக் கொஞ்ச நாள் எடுக்கலாம், பொறுங்கள். ஆனால் நெடுநாள் மறைத்து, சொந்தக்காரர் யாரும் கட்டாருக்குப் போன் எடுத்துச் சொல்லும் நிலைமையும் வரக் கூடாது. சொல்லும்போது மகள் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து நீங்கள் மட்டும் கதையுங்கள். அவருடைய முதல் கோபம் உங்களோடு முடியட்டும், அதற்குப் பிறகு அவர் மகளோடு கதைக்கலாம்.